தூத்துக்குடிக் கடற்கரையும் ஈரப்பதமானியும்

காற்றின் வெப்பநிலையையும் அதிலுள்ள நீராவியின் அளவையும் அறிய உதவும் கருவி ஈரப்பதமானி. இன்று கைக்குள் அடங்கும் மின்னணு மீட்டராகக் கிடைக்கும் இக்கருவி, இரண்டு நூற்றாண்டுகளாகப் பல வடிவங்களில் மாறி வந்துள்ளது. மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு, உப்பளம், பஞ்சாலை, துறைமுகம் ஆகிய நான்கு தொழில்களும் காற்றின் போக்கையும் ஈரத்தையும் சார்ந்தே நடந்தன. இவற்றுள் பஞ்சாலையும் துறைமுகமும் நூலுக்காகவும் சரக்குக்காகவும் ஈரப்பதத்தை முன்பே அளக்கத் தொடங்கின. அதே காற்றில் உழைக்கும் மனித உடலுக்காக அதை அளக்கும் வழக்கம் மிகவும் பிந்தியே வந்தது. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நிலமும் காற்றும்

தூத்துக்குடி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய்கள் வழியாக உலர்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை தூத்துக்குடியில் நிலத்திலிருந்து வறண்ட, வேகமான காற்று வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் இப்பகுதி தன் மழையில் பெரும்பங்கைப் பெறுகிறது.

இந்த ஆண்டுச் சுழற்சியோடு ஒரு நாள் சுழற்சியும் உண்டு. பகலில் நிலம் சூடானதும் கடற்காற்று எழுந்து ஈரத்தைக் கொண்டுவரும். இரவில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். எனவே ஒரே ஊரில் ஒரே நாளிலேயே ஒப்பு ஈரப்பதம் பெரிதும் மாறக்கூடும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய மிகுதியான நீராவியில் எத்தனை விழுக்காடு அப்போது காற்றில் உள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம். நீராவியின் அளவு மாறாவிட்டாலும், காற்று சூடேறினால் இந்த விழுக்காடு குறையும், குளிர்ந்தால் கூடும். அதனால் வெப்பநிலையைக் கூறாமல் ஈரப்பதத்தை மட்டும் கூறுவது முழுமையான அளவீடு ஆகாது.

கருவிக்கு முந்தைய அறிவு

கருவிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கடற்கரை மக்கள் காற்றைக் கணித்து வாழ்ந்தனர். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டு, ஒவ்வொன்றின் பருவத்தையும் குணத்தையும் அறிந்திருந்தனர்.

சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு, இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டியே பெரும்பாலும் நடந்தது. தோணிகள் இரவில் நிலக்காற்றின் துணையோடு முத்துப் பார்களை நோக்கிப் புறப்பட்டு, குளிப்பு முடிந்ததும் பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பின. காற்றின் நாள் சுழற்சியே குளியாட்களின் வேலை நேரத்தை வகுத்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை 1905இல் வெளியானது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது.

உப்பளத்தில் ஈரத்தைக் காட்டும் கருவி உப்பேதான். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், தூய சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் உள்ள மக்னீசியம் குளோரைடு, சுமார் 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். கசப்பு நீர் நன்றாக வடியாத உப்பு விரைவில் கசிவதன் காரணம் இதுவே. மழைக்காலத்தில் உப்புச்சாடி நீர்விடுவதைக் கண்டு காற்றின் ஈரத்தை உணரும் வீட்டறிவும் இதே இயற்பியலைச் சார்ந்தது.

கருவியின் தோற்றம்

ஐரோப்பாவில் ஈரத்தை அளக்க முதலில் கையாண்டவை நீரை ஈர்க்கும் பொருள்களே. 15ஆம் நூற்றாண்டில் கூசாவின் நிக்கோலஸ், தராசில் வைத்த கம்பளியின் எடை காற்றின் ஈரத்துக்கேற்பக் கூடிக்குறைவதைக் குறிப்பிட்டார். சுவிட்சர்லாந்தின் ஓராஸ் பெனெடிக்ட் டி சோசூர், ஈரத்தில் மனித முடி நீள்வதை அடிப்படையாகக் கொண்ட முடி ஈரமானியை விளக்கும் நூலை 1783இல் வெளியிட்டார். 1820இல் ஜான் பிரெடரிக் டேனியல், ஒரு பரப்பைக் குளிரச்செய்து அதில் பனித்துளி படியும் வெப்பநிலையைக் காணும் கருவியை அமைத்தார். அந்த வெப்பநிலை பனிநிலை எனப்படும்.

தொழிற்சாலைகளுக்கும் வானிலை நிலையங்களுக்கும் ஏற்ற எளிய முறையை வகுத்தவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பெர்டினாண்ட் ஆகஸ்ட். 1825இல் அவர் இரு வெப்பமானிகளை அருகருகே வைத்தார். ஒன்று சாதாரணமாகக் காற்றின் வெப்பநிலையைக் காட்டும், அது உலர்குமிழ். மற்றொன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றப்பட்டிருக்கும், அது ஈரக்குமிழ். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது குமிழின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அதன் அளவு குறையும். காற்று வறண்டிருந்தால் ஆவியாதல் மிகுந்து இரண்டுக்கும் இடைவெளி கூடும். காற்று நிறை ஈரமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். மண்பானை நீர் கோடையில் நன்றாகக் குளிர்வதும், மழை நாளில் அவ்வளவாகக் குளிராததும் இதே விதிப்படி நிகழ்கின்றன.

காற்று அசையாவிட்டால் ஈரக்குமிழின் அளவு பிழையாகும். இதைத் தீர்க்க, இரு வெப்பமானிகளையும் ஒரு சட்டத்தில் பொருத்திக் கைப்பிடியால் சுழற்றும் சுழற்று ஈரமானி உருவானது. ஜெர்மனியின் ரிச்சர்டு அஸ்மன் 1880களில் சிறு விசிறியால் காற்றை இழுக்கும் வகையை அமைத்தார். 1973இல் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் மெல்லிய பாலிமர்ப் படலத்தைக் கொண்ட உணரியை வெளியிட்டது. இப்படலம் நீராவியை ஈர்க்கும்போது அதன் மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தை விழுக்காடாக மாற்றித் திரையில் காட்டலாம். இன்றைய கைமீட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

தென்னிந்தியாவில் வானிலைப் பதிவு

1792இல் நிறுவப்பட்ட சென்னை வானாய்வகத்தில், ஜான் கோல்டிங்காமின் பொறுப்பில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. தூத்துக்குடிக்கு மேற்கே மலைக்கு அப்பால், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் பிரௌன் 1850களில் அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்துக் காந்தப்புலத்தையும் வானிலையையும் பதிவுசெய்தார். தூத்துக்குடிப் பக்கம் வறண்ட காற்றை இறக்கும் மலைத்தொடரிலேயே அந்நிலையம் இருந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை ஹென்றி பிளான்போர்டின் தலைமையில் தொடங்கப்பட்டபின், உலர்குமிழ், ஈரக்குமிழ் அளவுகளைக் குறித்த வேளைகளில் ஒரே முறையில் எடுக்கும் ஒழுங்கு நாடெங்கும் பரவியது.

வானிலை நிலையத்தில் இக்கருவிகள் காற்று புகும் பலகைச் சட்டங்களைக் கொண்ட வெண்ணிறப் பெட்டிக்குள் நிழலில் இருக்கும். அவை பதிவுசெய்வது ஊரின் பொதுவான காற்றை. ஆலையின் உட்கூடத்திலோ உப்புப் பாத்தியின் நடுவிலோ உள்ள காற்று அதனின்று வேறுபட்டது. இந்த வேறுபாட்டை அறியவே வேலையிடத்துக்குக் கொண்டுசெல்லும் கருவி தேவைப்பட்டது.

பஞ்சாலை: நூலுக்கான ஈரம்

தூத்துக்குடியில் ஹார்வி குழுமத்தின் கோரல் மில் 1888இல் தொடங்கப்பட்டது. பஞ்சு ஆலைக்குக் காற்றின் ஈரம் மிக முக்கியம். பருத்தி இழை ஈரத்தை ஈர்க்கும்போது அதன் வலிமையும் வளையும் தன்மையும் கூடும். உலர்ந்த காற்றில் இழை எளிதில் அறும்; உராய்வால் நிலைமின்னூட்டம் ஏற்பட்டு இழைகள் ஒன்றையொன்று விலக்கும்; பஞ்சுத் தூசி கூடும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஓர் ஊரின் காற்று வறண்டால், ஆலைக்குள் நீர்த்திவலை அல்லது நீராவியைச் செலுத்தி ஈரத்தை உயர்த்த வேண்டியிருக்கும். எவ்வளவு செலுத்துவது என்பதை உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளே சொல்லும். இவ்வாறு ஈரமானி பஞ்சாலையின் உற்பத்திக் கருவிகளுள் ஒன்றானது.

நூலுக்கு நன்மை செய்யும் ஈரம் தொழிலாளிக்குச் சுமையாகும். வெப்பமான காற்றில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முதன்மையான வழி வியர்வை ஆவியாதல். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். உடலின் உள்வெப்பம் உயரும்.

இச்சிக்கல் முதலில் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக் கூடங்களில் பொதுப் பிரச்சினையாகியது. நீராவி செலுத்துவதை நெசவாளர்கள் எதிர்த்தனர். 1889இல் இயற்றப்பட்ட பருத்தித்துணித் தொழிற்சாலைச் சட்டம், உலர்குமிழின் ஒவ்வோர் அளவுக்கும் ஈரக்குமிழ் எதுவரை உயரலாம் என்று அட்டவணை வகுத்தது. வெப்பமானிகளின் அளவு அப்போது தொழிலாளர் உரிமையை வரையறுக்கும் எண்ணாக மாறியது.

தூத்துக்குடியில் அத்தகைய எண் பேசப்படுவதற்கு முன்பே போராட்டம் வெடித்தது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். ஊதிய உயர்வு, வேலை நேரக் குறைப்பு, விடுமுறை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூடத்தின் வெப்பத்தையோ ஈரத்தையோ குறித்த கோரிக்கை இவற்றுள் முன்னிலையில் இருக்கவில்லை. ஆயினும் வேலை நேரம் குறைவது, வெப்பமும் ஈரமும் நிறைந்த கூடத்தில் உடல் தங்கும் நேரம் குறைவதும் ஆகும்.

இந்திய ஆலைகளில் செயற்கை ஈரமூட்டலைப் பற்றி டி. மலோனி தயாரித்த அறிக்கை 1923இல் வெளியானது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 15ஆம் பிரிவில் இதற்கு இடமளித்தது. ஈரமூட்டும் அளவு, முறை, சோதனை, பதிவு ஆகியவற்றுக்கு விதி வகுக்க மாநில அரசுகளுக்கு அது அதிகாரம் கொடுத்தது. ஈரமூட்டப் பயன்படும் நீர் பொதுக் குடிநீராகவோ தூய்மை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்றும் கூறியது.

இச்சட்டத்தின் கீழான விதிகள் கருவியைப் பற்றி மிக நுணுக்கமாகப் பேசின. ஈரக்குமிழை ஒற்றை மல் துணியால் சுற்ற வேண்டும். அது எப்போதும் நனைந்திருக்க வேண்டும். உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையே குறைந்தது 3 அங்குல இடைவெளி வேண்டும். நீர்க்கலம் உலர்குமிழுக்கு அப்பால் இருக்க வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை அளவெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். குறிப்பிட்ட உலர்குமிழ் அளவுக்குரிய ஈரக்குமிழ் எல்லை தாண்டினால் ஈரமூட்டலை நிறுத்த வேண்டும். அளவைக் குறைத்துக் காட்டக் கருவியை வசதியான மூலையில் மாட்டுவதும், துணியைக் கவனியாமல் விடுவதும் எவ்வளவு எளிது என்பதை அறிந்தே இவ்விதிகள் எழுதப்பட்டன.

துறைமுகம்: சரக்குக்கான ஈரம்

1853இல் பிரசெல்ஸில் நடந்த கடல்சார் வானிலை மாநாட்டுக்குப் பின், கப்பல்கள் காற்றின் வெப்பநிலையை ஒழுங்காகப் பதிவுசெய்யும் பழக்கம் வலுப்பெற்றது. இன்றும் தன்னார்வமாக வானிலைத் தகவல் அனுப்பும் கப்பல்களில் உலர்குமிழ், ஈரக்குமிழ் அளவுகள் எடுக்கப்படுகின்றன.

கப்பலுக்கு ஈரமானி தேவைப்படும் இன்னொரு காரணம் சரக்கு. வெப்பமான ஈரக்காற்று நிறைந்த சரக்கறையின் இரும்புச் சுவர் குளிர்ந்தால், உட்புறத்தில் நீர்த்துளிகள் படிந்து சரக்கின்மேல் சொட்டும். குளிர்ந்த சரக்கின்மேல் ஈரக்காற்று பட்டாலும் அதேபோல் நீர் படியும். இதைத் தவிர்க்கக் கப்பல் அதிகாரிகள் சரக்கறைக் காற்றின் பனிநிலையையும் வெளிக்காற்றின் பனிநிலையையும் ஒப்பிடுகின்றனர். வெளிக்காற்றின் பனிநிலை குறைவாக இருந்தால் காற்றோட்ட வழிகளைத் திறப்பர்; மிகுதியாக இருந்தால் மூடுவர். இதற்குச் சுழற்று ஈரமானியே நெடுங்காலம் பயன்பட்டது.

தூத்துக்குடி வழியே சென்ற, வந்த சரக்குகள் பலவும் ஈரத்துக்கு அஞ்சுபவை. பருத்தி, உலர்ந்த நிலாவரை இலை, கருவாடு, உப்பு ஆகியவை பழைய ஏற்றுமதிகள். ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் முந்திரிக்கொட்டை, ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். 1974இல் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமாகச் செயற்பாட்டுக்கு வந்தது. 2011இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயரிடப்பட்டது. மூடிய கொள்கலன்கள் பெருகியபின், உள்ளே சிக்கிய ஈரம் கூரையில் குளிர்ந்து சரக்கின்மேல் சொட்டுவது காப்பீட்டு வழக்குகளுக்குரிய பொருளானது. அதனால் ஈரத்தையும் வெப்பத்தையும் பயணம் முழுதும் தானே பதிவுசெய்யும் சிறு மின்னணுக் கருவிகளைச் சில சரக்குகளோடு வைத்து அனுப்புகின்றனர்.

உப்பளம்: அளக்கப்படாத வேலையிடம்

வேப்பலோடை, தருவைக்குளம், முத்தையாபுரம், ஆறுமுகநேரி போன்ற இடங்களில் பரந்த உப்பளங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் செல்லச் செல்ல அடர்த்தி கூடி, இறுதியில் உப்பாகப் படிகிறது. நிறைசெறிவு உவர்நீருக்கு மேல் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் ஆவியாதல் ஏறத்தாழ நின்றுவிடும். எனவே உப்பு விளைய வெயிலோடு உலர்ந்த காற்றும் வேண்டும்.

உப்புக்கு உகந்த வெயில் தொழிலாளிக்குக் கடுமையானது. நிழலில்லாத வெளியில், உவர்நீரில் கால் பதித்து நின்று உப்பை வாரிக் குவிப்பதும், வரப்பு வழியே தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும் வேலை. நீர்ப்பரப்பும் வெண்ணிற உப்பும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் தாக்கும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையை எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் நேரில் சென்று அறிந்து எழுதிய 'கரிப்பு மணிகள்' என்னும் நாவல் 1979இல் வெளியானது.

சட்டப்படி உப்பளமும் தொழிற்சாலையாகலாம். பம்பாய் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கில், கடல்நீரை உப்பாக்கும் இடம் தொழிற்சாலையே என்று உச்சநீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. ஆனால் காற்றோட்டம், வெப்பநிலை, ஈரமூட்டல் பற்றிய சட்டப்பிரிவுகள் சுவரும் கூரையும் உள்ள வேலைக்கூடத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நூல் நூற்கும் கூடத்தில் மூன்று வேளை ஈரக்குமிழைப் படிக்க வேண்டும் என்ற விதிக்கு இணையான ஒன்று திறந்த பாத்திக்கு வகுக்கப்படவில்லை.

உடலை அளத்தல்

மனித உடல் தாங்கும் எல்லைக்கும் ஈரக்குமிழுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டியவர் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன். கார்ன்வால் சுரங்கங்களிலும் வெப்பக் கூடங்களிலும் செய்த ஆய்வுகளை அவர் 1905இல் வெளியிட்டார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் 88 பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 31 செல்சியஸைத் தாண்டினால், ஓய்வாக இருப்பவரின் உடல் வெப்பமும் உயரத் தொடங்குகிறது என்று அவர் கண்டார். உழைப்பவருக்கு அந்த எல்லை இன்னும் தாழ்ந்தது. அமெரிக்காவில் இளையோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான சோதனைகளும், ஈரமான வெப்பத்தில் உடல் சமநிலை குலையும் எல்லையை 31 செல்சியஸுக்கு அருகிலேயே கண்டன.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஒரு நாள் காற்றின் வெப்பநிலை 38 செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 31 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் சுமார் 24 காட்டும். மற்றொரு நாள் வெப்பநிலை 36 செல்சியஸ்தான். ஆனால் ஈரப்பதம் 60 விழுக்காடு. அன்று ஈரக்குமிழ் சுமார் 29 காட்டும். வெப்பமானியை மட்டும் பார்த்தால் முதல் நாளே கடுமையானது. வியர்வையால் குளிர வேண்டிய உடலுக்கு இரண்டாம் நாளே ஆபத்தானது. கடற்காற்று எழுந்தபின் வெப்பநிலை சற்றுக் குறைந்தும் புழுக்கம் கூடுவதாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. காற்றின் வேகம் கூடினால் அச்சுமை ஓரளவு குறையும்.

திறந்தவெளியில் வெயிலின் கதிர்வீச்சையும் சேர்க்க வேண்டும். 1950களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களில் வெப்பத் தாக்கு இறப்புகளைத் தடுக்க உருவான குறியீட்டெண், இயற்கைக் காற்றோட்டத்தில் வைத்த ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானிக்கு 20 விழுக்காடு, உலர்குமிழுக்கு 10 விழுக்காடு எனப் பங்கு கொடுக்கிறது. ஈரத்துக்கே பெரும்பங்கு என்பது கவனிக்கத்தக்கது. இம்மூன்றையும் ஒருங்கே அளக்கும் கையடக்கக் கருவிகள் பின்னர் வந்தன.

அத்தகைய அளவீடு தமிழ்நாட்டு உப்பளங்களுக்கும் வந்துசேர்ந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப எல்லைக்கு மேல் வேலை செய்தனர் என்றும், சுமார் 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது என்றும் அவ்வாய்வு கூறியது. 2023இல் வெளியான இவ்வாய்வு, தொழிலாளர்கள் தம் உடலால் அறிந்திருந்ததை எண்களாகப் பதிவுசெய்தது. எண்ணாகப் பதிவான துன்பத்தைக் கொண்டு நிழல், குடிநீர், கழிப்பறை, ஓய்வு நேரம் ஆகியவற்றைக் கோர முடியும். உப்பளத்தில் கழிப்பறை இல்லாதபோது பெண்கள் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வர் என்பதால், அதுவும் வெப்பப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

தமிழ்நாடு அரசு 2022இல் உப்பு உற்பத்தி இல்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்க் குடும்பங்களுக்கு ரூ. 5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கைக்கருவியால் அளக்கும் முறை

சுழற்று ஈரமானியைப் பயன்படுத்துபவர் முதலில் ஈரக்குமிழின் துணியைக் காய்ச்சி வடித்த நீரால் நனைக்க வேண்டும். வெயில் நேரடியாகப் படாத இடத்தில், காற்று வரும் திசையை நோக்கி நின்று, உடலிலிருந்து விலக்கிப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நிறுத்தியதும் ஈரக்குமிழை முதலில் படிக்க வேண்டும். அதுவே விரைவில் மாறும். அடுத்தடுத்த இரு அளவுகள் ஒத்துவரும் வரை சுழற்றிப் படித்தபின், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையில் பொருத்தி ஒப்பு ஈரப்பதத்தைக் காணலாம்.

கடற்கரையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காற்றில் வரும் உப்பு துணியில் படிந்தால் நீர் ஆவியாவது குறையும். ஈரக்குமிழ் உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டும். ஈரப்பதமும் மிகையாகத் தெரியும். எனவே தூத்துக்குடி போன்ற ஊர்களில் துணியை அடிக்கடி மாற்றுவது அவசியம்.

மின்னணு மீட்டரில் துணியும் நீரும் இல்லை. ஆனால் அதன் உணரியிலும் தூசியும் உப்பும் படியும். நாளடைவில் அளவு வழுவும். நிழலிலிருந்து வெயிலுக்கோ குளிரூட்டிய அறையிலிருந்து வெளியிலோ கொண்டுவந்தவுடன் படித்தால் பிழை நேரும். சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். உணரியைக் கையால் மூடுவதும் அதன்மேல் மூச்சு விடுவதும் கூடாது. நேரம், இடம், நிழலா வெயிலா என்பது, காற்றின் நிலை ஆகியவற்றை அளவோடு சேர்த்து எழுதினால்தான் பிற்பாடு ஒப்பிட முடியும்.

மீட்டரின் துல்லியத்தை எளிதாகச் சோதிக்க உதவுவது சமையல் உப்பு. ஒரு சிறு மூடியில் தூய உப்பை இட்டு, முழுதும் கரையாமல் சேறுபோல் ஆகும் அளவுக்கு மட்டும் நீர் சேர்க்க வேண்டும். அதையும் மீட்டரையும் ஒன்றோடொன்று படாமல் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, வெப்பநிலை மாறாத அறையில் ஓர் இரவு விட்டால், உள்ளே ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டில் நிலைக்கும். மீட்டர் காட்டும் அளவு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே அதன் பிழை. மக்னீசியம் குளோரைடைக் கொண்டு இதேபோல் சுமார் 33 விழுக்காட்டுப் புள்ளியையும் சரிபார்க்கலாம். இவ்விரண்டும் உப்பளத்திலிருந்தே கிடைக்கும் பொருள்கள்.

மதிப்பீடு

தூத்துக்குடியில் ஈரத்தை அளப்பதன் வரலாறு, யாருடைய நலனுக்காக அளக்கப்பட்டது என்பதன் வரலாறும் ஆகும். ஆலை நூலுக்காகவும், கப்பல் சரக்குக்காகவும், வானிலை நிலையம் பொதுக் கணிப்புக்காகவும் அளந்தன. பஞ்சாலையில் தொழிலாளியின் பாதுகாப்புக்கான எல்லை, நூலுக்கான அளவீட்டின் மீதே பின்னர் சட்டமாக எழுந்தது. உப்பளத்தில் ஆய்வாளர்களின் கருவிகள் சென்றுவிட்டன. நாள்தோறும் அளந்து வேலை நேரத்தை அதற்கேற்ப வகுக்கும் விதி இன்னும் இல்லை. ஒரு கைமீட்டரின் விலை இன்று பல வேலையிடங்களுக்கு எட்டக்கூடியது. அது காட்டும் எண்ணுக்கேற்ப வேலையை நிறுத்தவும் ஓய்வு கொடுக்கவும் கடமைப்பட்டவர் யார் என்பதே உப்பளங்களில் இனித் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.